பக்கத்து இடத்தில் குவித்தது: ஆம்

நான் ஓய்வு பெற்ற அதே மாதத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து இறங்கியது. மாமியாரை வழியனுப்பிவிட்டு மருமகளை அழைத்துக்கொண்டார்கள் என்று நானே சொல்லிச் சிரித்தேன். மருமகள் கெட்டிக்காரி. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். இடம் தேடுவது, குவிப்பது, படம் எடுப்பது எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள். என் இடத்துக்கு வந்திருக்கும் சரண்யா பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம்.

சரண்யாதான் இதை எழுதச் சொன்னாள். பிரிவுபசாரத்தில் நான் பேச மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். "பேசலன்னா எழுதியாச்சும் குடுங்க லா, அக்கா. ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ், சும்மா போயிடக் கூடாது" என்றாள். நான் எடுத்த நல்ல படங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நல்ல படங்கள் நிறைய உண்டு, அவை ஆய்விதழ்களில் இருக்கின்றன, வேண்டுபவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு கெட்ட படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். நான் எடுத்ததிலேயே அழகான படமும் அதுதான்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. பிறகு ஜூரோங்கில் கணினி வன்தட்டுக்கு உறுப்பு செய்யும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள், காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். அங்கே உலோகத்தின் மேல் இன்னோர் உலோகத்தைச் சில அணுக்கள் கனத்துக்குப் பூசுவார்கள். பூச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. அப்போது நாங்கள் அதற்கு நானோ என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை, பூச்சு என்றுதான் சொன்னோம். மேற்கே இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தபோதுதான், இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது நானோ தொழில்நுட்பம் என்று எனக்கே தெரிந்தது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். பொருளை அந்த அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் குணம் மாறிவிடும். சிரங்கூன் ரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமான நகைக்கடை ஒன்று உண்டு. என் தங்கையின் கல்யாணத்துக்குச் சங்கிலி எடுக்கப் போயிருந்தபோது, தங்கத்தை மிக மிகச் சிறு துகளாக்கித் தண்ணீரில் விட்டால் சிவப்பாகத் தெரியும் என்று அங்கிருந்த பத்தரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "அது செம்பு கலந்ததும்மா, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வார். ஆனால் நான் சொன்னது உண்மை. அதே தங்கம், அளவு மட்டும்தான் வேறு. மருந்தை உடம்பில் வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதும், மின்கலத்தைச் சீக்கிரம் நிரப்புவதும், அழுக்குத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குவதும் இந்த அளவில் முடியும் என்று நம்பித்தான் அத்தனை பேரும் அங்கே உழைத்தார்கள். நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் ஷம்சுதீன். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் தம்பிகளில் இவர் ஒருவர்தான் கடைக்குப் போகாமல் படித்தவர். காலணி எப்போதும் பளபளவென்று இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தவறு செய்தவரிடம் "அப்படியா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்பார், பிறகு பதில் வரும் வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

நுண்ணோக்கியின் முன்னால் என் நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால், அவ்வளவு பெரிய மனிதர், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உட்காரலாமா, வேணி?" என்று கேட்பார். நான் டிப்ளோமாக்காரி. டாக்டர் பட்டம் வாங்கிய வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மெஷின் யார் பொறுப்போ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. இருட்டில் எதையாவது தேடினால் டார்ச் அடிக்கிறோம். டார்ச் வெளிச்சம் பொருளை ஒன்றும் செய்யாது. எங்கள் வெளிச்சம் எலக்ட்ரான் கற்றை, அது பொருளைச் சுடும். சில பொருள்கள் தாங்கும். சில பொருள்கள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகும், சுருங்கும், வேறொன்றாக மாறும். எனவே மென்மையான பொருள் என்றால் டாக்டர் ஒரு முறையை வைத்திருந்தார். அதில் அவர் ஒரு படியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

காலையில் வந்ததும் திரவ நைட்ரஜன் ஊற்றி மெஷினைக் குளிர வைக்க வேண்டும். பொருளைக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய சீவலாக அறுத்து, கிரிட் எனப்படும், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டமான செம்பு வலை ஒன்றின் மேல் ஏந்தி வைத்திருப்போம். அதை இடுக்கியால் எடுத்து நீண்ட தண்டின் நுனியில் பொருத்தி, உள்ளே செருகி, காற்றெல்லாம் வெளியேறிப் பச்சை விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கற்றையை மிக மங்கலாக வைத்துக்கொண்டு நல்ல இடமாகத் தேட வேண்டும். இடம் கிடைத்ததும் அதைத் தொடக் கூடாது. கற்றையைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்தி, அங்கே வைத்துத்தான் படம் தெளிவாகத் தெரியும்படி குவிக்க வேண்டும். குவிப்பதற்கு அரை நிமிடமாவது பலமான கற்றை தேவை. பக்கத்து இடம் கெட்டால் கெட்டுப் போகட்டும். குவித்து முடித்ததும் கற்றையை அடைத்துவிட்டு முதல் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அசைவு அடங்க மனதுக்குள் முப்பது வரை எண்ண வேண்டும். திறந்து, ஒரே ஒரு விநாடி, ஒரு படம். அவ்வளவுதான்.

படம் எடுத்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதிரியின் எண், வலை இருக்கும் பெட்டியின் எண், யாருக்காக எடுத்தது, கடைசியாக ஒரு கட்டம்: பக்கத்து இடத்தில் குவித்தது, ஆம் அல்லது இல்லை. கீழே என் கையெழுத்து. அந்தக் கட்டத்தை டாக்டரே ஸ்கேலால் கோடு போட்டுச் சேர்த்தார். வேறு கூடங்களில் அது இருந்ததாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்து அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. எடுத்தவர் சொன்னால்தான் உண்டு.

டாக்டரின் கனவு ஒரு வடிசவ்வு. தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு. அதற்குள் நான்கு நானோமீட்டர் அளவில் வெள்ளித் துகள்கள் இறுகப் பதிந்திருக்க வேண்டும். வெள்ளி கிருமியைக் கொல்லும். துகள் இறுகிப் பதிந்திருந்தால் தண்ணீரோடு போகாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மின்சாரம் வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம். எட்டு ஆண்டுகள் அதற்காகவே உழைத்தார். ஒவ்வொரு முறையும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். நான் படத்தை நீட்டுவேன், அவர் பார்த்துவிட்டு "அப்படியா" என்பார், அது என்னிடம் கேட்கும் அப்படியா இல்லை.

ஒருநாள் புதிதாக ஒரு மாதிரி வந்தது. அதே செய்முறையில் செய்த சவ்வில் கிருமிகள் செத்துவிட்டன என்று பக்கத்து ஆய்வுக்கூடம் முன்பே சொல்லியிருந்தது. வெள்ளி இருக்கிறது என்று வேதியியல் சோதனையும் சொன்னது. துகள் பதிந்திருக்கிறதா என்று படம் மட்டும்தான் சொல்ல வேண்டும். அன்று பிற்பகல் ஒரு நிறுவனத்தார் வருவதாக இருந்தது. ஜூரோங்கில் சவ்வு தயாரித்துப் பார்க்க அவர்கள் தயாராக இருந்தார்கள். டாக்டர் காலையிலிருந்து நாலு தடவை கதவைத் திறந்து, கிடைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டார். அவர் அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை.

சீவல் சரியாக வரவில்லை. வலை முழுவதும் கிழிசல். நடுவில் ஒரே ஒரு சிறு துண்டு மட்டும் முழுதாக இருந்தது, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓட்டை. பக்கத்து இடம் என்று ஒன்று இல்லை. புதிதாக அறுத்து எடுக்க வேண்டுமானால் இன்னொரு நாள் ஆகும். நான் சற்று யோசித்தேன். பிறகு அந்தத் துண்டின் மேலேயே குவித்தேன்.

படம் வந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றை ஒன்று தொடாமல், யாரோ உட்கார்ந்து புள்ளிக்கோலம் வைத்தது மாதிரி. டாக்டரைக் கூப்பிட்டேன். கடிகாரத்தைக் கழற்றினார், உட்காரலாமா என்று கேட்டார், உட்கார்ந்தார். பிறகு மெதுவாக "மாஷா அல்லாஹ்" என்றார்.

எழுந்துகொள்ளும்போது கேட்டார். "பக்கத்துலதானே போகஸ் பண்ணீங்க?"

"ஆமா, டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். பயந்து சொல்லவில்லை. ஏமாற்றவும் நினைக்கவில்லை. அந்த மனிதரின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், இது ஒரு பெரிய விஷயமா என்று பட்டது. துகள் கண்ணெதிரே இருக்கிறது, எங்கே குவித்தால் என்ன என்று நினைத்தேன். பதிவேட்டில் "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கட்டுரை வெளியானது. எல்லாச் சோதனையும் ஒன்றோடொன்று பொருந்தியதால் இன்னொரு படம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நுழைவாயிலில் மாட்டினார்கள். துகள்கள் இறுகப் பதிந்திருப்பதுதான் படத்திலேயே தெரிகிறதே, நீண்டகாலச் சோதனையைக் களத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஜூரோங்கில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதி ஒன்றில் குடிதண்ணீர்க் குழாயில் சவ்வைப் பொருத்தி ஓட்டிப் பார்ப்பது என்று பேசினார்கள்.

பத்து மாதம் கழித்து, ஜூரோங்கில் தயாரான முதல் சவ்வு என் மேசைக்கு வந்தது. இந்த முறை சீவல் நன்றாக இருந்தது. எங்களுக்குப் புதிய கேமராவும் வந்திருந்தது, ஒரு விநாடிகூட வேண்டாம், அதில் கால்வாசி வெளிச்சம் போதும். முறைப்படி பக்கத்தில் குவித்து, முப்பது எண்ணி, படம் எடுத்தேன்.

ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல்.

தொழிற்சாலைக்காரர்கள் எதையோ கோட்டை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சரியாகப் பார்த்துவிடுவோம் என்று கற்றையைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இடத்தைப் பார்த்தேன். ஐந்து விநாடி, பத்து விநாடி. தோசைக்கல்லில் மாவை ஊற்றியதும் துளை துளையாக வருமே, அப்படிப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. அரை நிமிடத்தில் சாம்பல் முழுவதும் ஒரே அளவில் கறுப்புப் புள்ளிகள். நுழைவாயிலில் மாட்டியிருந்த அதே படம்.

பழைய மாதிரியில் மிச்சம் இருந்த துண்டைத் தேடி எடுத்து, மறுநாள் புதிதாக அறுத்து, முறைப்படி படம் எடுத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. வெள்ளி துகளாகத் திரளவே இல்லை. உப்பாகவே சவ்வுக்குள் ஊறிக் கிடந்தது. அதுவும் கிருமியைக் கொல்லும், அதனால்தான் அந்தச் சோதனை பொருந்தியது. ஆனால் உப்பு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். குடிப்பவர் வயிற்றுக்குத்தான் போகும். துகளை உண்டாக்கியது என் கற்றை.

அன்று வெள்ளிக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். விடுதியில் சவ்வைப் பொருத்தும் ஒப்பந்தம் அடுத்த வியாழக்கிழமை கையெழுத்தாக இருந்தது. சனிக்கிழமை முழுவதும் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். கற்றை துகளை உண்டாக்கியது என்று மட்டும் சொன்னால் போதுமே, அன்று எங்கே குவித்தேன் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும், பதிவேட்டில் ஆம் என்றுதானே இருக்கிறது, சவ்வின் தன்மை அப்படி என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் வாதாடினேன். எதுவுமே சொல்லாமல் இருந்தால் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, அதையும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க வீட்டுக்காரரோடு தேக்கா சந்தைக்குப் போனேன். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாளில் வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாரும் அங்கேதான். புல்தரையில் நாலைந்து பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெரிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு இன்னொருவரிடம் கொடுத்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரர் கேட்டார். நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

திங்கள் காலை டாக்டரை மெஷின் அறைக்கு அழைத்தேன். சவ்வு உள்ளே தயாராக இருந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, உட்காரலாமா என்று கேட்டார். என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. முதல் படத்தைக் காட்டினேன். பிறகு கற்றையைத் திறந்து அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. பன்னிரண்டில் நிறுத்திவிட்டார். புள்ளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

"பதிவேட்ட எடுங்க" என்றார்.

எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கட்டத்தின் மேல் விரலை வைத்து, "அப்படியா?" என்றார்.

"இல்ல, டாக்டர். பக்கத்துல இடமே இல்ல. அதே இடத்துலதான் பண்ணேன். பொய்யா எழுதிட்டேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கடைசியில் கேட்டார். "இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

பதிவேட்டை மூடினார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த நிறுவனத்தாரைத் தானே அழைத்துப் பேசிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரமே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் நகலை எல்லாருக்கும் அனுப்பினார். துகள்கள் எலக்ட்ரான் கற்றையால் உண்டானவை, படம் எடுக்கப்பட்ட முறையைத் தாம் சரிபார்க்கத் தவறியதாகவும் பொறுப்பு தம்முடையது என்றும் எழுதியிருந்தார். என் பெயர் இல்லை. நான் அதை மூன்று முறை படித்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நிறுவனம் விலகியது. திட்டம் மூடப்பட்டது. நுழைவாயிலில் படம் இருந்த இடத்தில் ஒரு செடித்தொட்டியை வைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு டாக்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் எல்லாரிடமும் கைகுலுக்கினார். என்னிடம் "வரேன், வேணி" என்றார். பெரியதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே நிற்கையில், அவர் மின்தூக்கியில் ஏறியே போய்விட்டார்.

பிறகுதான் அந்த "ஒண்ணுதான்" என்னை அரிக்க ஆரம்பித்தது. அவர் கேட்ட வேகத்தில் நானும் சொல்லிவிட்டேன். உண்மையிலேயே ஒன்றுதானா? பதினான்கு ஆண்டுகளாகப் பதிவேட்டில் "ஆம்" என்று எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் முறைப்படிதான் செய்தேன், அது தெரியும். ஆனால் அவசரமான நாள்கள் எத்தனையோ, கிழிந்த சீவல்கள் எத்தனையோ. ஒரு பொய்யை அத்தனை லேசாக எழுதியவள், அதற்கு முன் எழுதியதே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

புதிய தலைவராக வந்தவர் டாக்டர் டான் என்ற சீனப் பெண்மணி. பழைய மாதிரிகளைத் திரும்பப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். மெஷின் சும்மா இருக்கும்போது செய்துகொள்ளுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை மதியங்களில்தான் அது சும்மா இருக்கும். கற்றை பட்டால் மாறக்கூடிய பொருள்கள் என்று பதிவேட்டில் நாற்பத்து மூன்று இருந்தன. வலைகளை எண் போட்ட சிறு பெட்டிகளில் வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக எடுத்து, கற்றையே படாத வேறோர் இடத்தில், முறைப்படி குவித்து, பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகள் ஆயின. நாற்பது படங்கள் சரியாக நின்றன. ஒவ்வொன்று நிற்கும்போதும் வாய்விட்டு அப்பாடா என்பேன்.

மீதி மூன்றுக்கு வலை இல்லை. ஆய்வுக்கூடத்தை வேறு மாடிக்கு மாற்றியபோது ஒரு பெட்டி தொலைந்துபோயிருந்தது. தேடாத இடமில்லை.

அதற்குப் பிறகுதான் ஜாலான் புசாருக்குப் போனேன். டாக்டர் இப்போது தம்பியின் கடையில் உட்கார்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். அத்தனை நாள் போகாததற்குக் காரணம், என் கால் அந்தப் பக்கம் திரும்ப மறுத்ததுதான். கடை வாசலில் குழாய்களும் வாளிகளும் ஏணிகளும் நடைபாதை வரை வந்திருந்தன. தம்பி உள்ளே பார்த்து, "நானா, உங்களப் பார்க்க ஆள் வந்திருக்காங்க" என்று அண்ணனை அழைத்தார். டாக்டர் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். காலணி அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

நலம் விசாரித்தார், டீ வரவழைத்தார். நாற்பத்து மூன்று படங்களின் கணக்கையும் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒரு வரியையும் விடவில்லை. நடுவில் ஓரிடத்தில், இந்தப் பொருள் கற்றையில் சுருங்குமே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சரி என்று அடுத்த வரிக்குப் போனார். டீ ஆறிப்போனது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இந்த மூணு?"

"கிரிட் தொலைஞ்சு போச்சு, டாக்டர். பக்கத்துல குவிச்சேனான்னு எனக்கு ஞாபகமும் இல்ல. ரிஜிஸ்டர்ல ஆம்னு இருக்கு. ஆனா எனக்குத் தெரியாது."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு ஒண்ணுதான்னு சொன்னீங்க. நான் நம்பல, வேணி."

அத்தனை ஆண்டுகளும் அவர் என்னை நம்பியதாகவே நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கைக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்றுதான் நாற்பது வலைகளையும் தூக்கிச் சுமந்தேன். நான் கேட்டேன். "பின்ன ஏன் லெட்டர்ல என் பேர எழுதல?"

"நம்பாததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நாலு தடவ கதவத் தொறந்து தொறந்து கேட்டது யாரு? அன்னைக்கு உங்க சேர்லதான் உட்கார்ந்திருந்தேன். குமிழத் திருப்பி ஒரு தடவ சுத்திப் பார்த்திருந்தா, பக்கத்துல இடமே இல்லன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்கல. எனக்கு அந்தப் படம் வேணும்னு இருந்துச்சு." ஒரு திருகாணியை எடுத்து அதன் பெட்டியில் போட்டார். "இப்ப நம்புறேன்."

"மூணு தெரியாதுன்னுல்ல சொல்றேன், டாக்டர்."

"அதனாலதான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரும்புக் கடையில் உட்கார்ந்து ஐம்பது வயதுக்காரி அழுதால் எப்படி இருக்கும்? தம்பி பார்த்துவிட்டு, தூசி கண்ணில் விழுந்ததாக நினைத்தாரோ, நினைத்த மாதிரிக் காட்டிக்கொண்டாரோ, மின்விசிறியை வேறு பக்கம் திருப்பி வைத்தார். அதற்குள் யாரோ அரை அங்குலக் குழாய் மூட்டு கேட்டு வந்தார்கள். டாக்டர் நோட்டை என்னிடம் நீட்டிவிட்டு, எடுத்துக்கொடுக்க எழுந்து போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை, அந்த மூன்று படங்களையும் தங்கள் கட்டுரைகளில் போட்டிருந்த மூன்று ஆய்வாளர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். ஒருவர் இங்கேயே இருந்தார், இருவர் வெளிநாடு போய்விட்டிருந்தார்கள். இந்தப் படத்தை எடுத்தவள் நான், சரியான முறையில் எடுத்தேனா என்று எனக்குத் தெரியாது, முடிந்தால் மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன்.